பெரிய மேளமும் அதன் ஒலிப்பதிவும்

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கடலோரமாக ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில், சாளுவன்குப்பம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள அதிரணசண்டக் குடைவரையில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. காலகாலன் என்று விருதுப்பெயர் பூண்ட பல்லவ மன்னனின் இசையைப் பிரமன், பரதமுனிவன், திருமால், நாரதன், முருகன் ஆகியோரையன்றி வேறு யாரே உணரவல்லார் என்ற பொருளில் அமைந்த பாடல் அதில் வருகின்றது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் இராசசிம்மன் தன்னை வீணையில் நாரதன் என்றும், வாத்தியங்களில் தும்புரு என்றும் புகழும் பெயர்களைப் பொறித்து வைத்தான். இப்பெயர்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைக் கடந்து நம் கண்முன் நிற்கின்றன. ஆயின் அந்த இசை எப்படி ஒலித்தது என்று சொல்ல இன்று ஒருவரும் இலர்.

மாமல்லபுரத்துச் சிற்பங்களின் நிலையும் அதுவே. கோவர்த்தனக் காட்சியில் குழலூதும் ஆயன் இருக்கின்றான். பெரும் பாறைச் சிற்பத்தில் கின்னரர் இசைக்கருவியுடன் பறக்கின்றனர். கல்லால் இயன்றது அவ்வளவே.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தினர் இந்த இழப்பை எளிதில் உணர்வர். பாரதியின் பாடல்கள் அனைத்தும் அச்சில் உள்ளன. அவர் தம் பாடல்களை உரத்த குரலில் தாமே மெட்டமைத்துப் பாடுவார் என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். அவர் மறைந்தது 1921-இல். இசைத்தட்டுப் பதிவு அதற்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்டது. இருந்தும் அக்குரலின் ஒரு வரி கூட நமக்குக் கிடைக்கவில்லை. பொறி இருந்தது, குரலும் இருந்தது. இரண்டையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இக்கட்டுரை பாரதியைப் பற்றியதன்று. பொறி வந்த பின்னரும், பதிவுகள் பல எடுக்கப்பெற்ற பின்னரும், நல்ல பதிவாக நம்மிடம் அரிதாகவே தங்கியிருக்கும் ஒரு பேரிசையைப் பற்றியது. அதுவே நாகசுரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம்.

மேளம் என்னும் சொல்

மேளம் என்ற சொல்லை இன்று தவிலுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம். பழைய வழக்கில் அது இசைக்குழு முழுவதையும் குறித்தது. சதிராட்டக் குழு சின்ன மேளம் எனப்பட்டது. நாகசுரக் குழு பெரிய மேளம் எனப்பட்டது. இரண்டு நாகசுரம், இரண்டு தவில், இடைவிடாது ஆதார சுருதி ஊதும் ஒத்து, தாளம் ஆகியவை கூடியதே முழுமையான பெரிய மேளம். பிற்காலத்தில் ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

மேலைநாட்டு ஜாஸ் இசையில் பிக் பேண்ட் என்றொரு வகை உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதுவும் பெரிய மேளமே. ஐந்து சாக்சபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், தாளம் காக்கும் நால்வர் என ஏறத்தாழப் பதினேழு பேர் அமர்ந்து வாசிப்பது அதன் வழக்கமான அமைப்பு. அவ்வகையில் தலைசிறந்தவர்களுள் ஒருவரான டியூக் எல்லிங்டன் 1963-இல் தம் குழுவுடன் இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் பயணம் செய்தார். அப்பயணத்தின் நினைவாகப் பிறந்த ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்னும் இசைத்தட்டு 1967-இல் வெளிவந்தது. அதனைக் கேட்போருக்கு ஒவ்வொரு கருவியும் எங்கே அமர்ந்திருக்கின்றது என்பது கூடத் தெரிகின்றது. நம் பெரிய மேளத்தை அவ்வாறு கேட்க விரும்பும் ஒருவர் எங்கே போவது? இவ்வினா என்னைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகின்றது.

கூம்பின் முன் நின்ற நாகசுரம்

எமில் பெர்லினர் தட்டில் ஒலியைப் பதியும் கிராமபோனை 1887-இல் உருவாக்கினார். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது இசைத்தட்டுக்காகப் பதிவு செய்யப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவுகள் நிகழ்ந்தன.

அக்காலப் பதிவில் மின்சாரம் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. ஒரு பெரிய கூம்பின் வாயில் பாடகர் பாட, அவ்வதிர்வு ஊசியை அசைத்து மெழுகில் கோடிழைக்கும். மென்மையான கருவி கூம்பை நெருங்கி நிற்க வேண்டும். உரத்த தாளக்கருவி தள்ளி நிற்க வேண்டும். இல்லையேல் ஊசி தடம் மாறிவிடும். அமெரிக்க ஜாஸ் குழுக்களின் பெருமுரசுக்கு நேர்ந்த கதி இதுவே. தவில் போன்ற கருவி அந்தக் கூம்புக்கு எவ்வளவு பகையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாகசுரம் வீறிடும், தவிலோ பக்கத்துத் தெருவில் ஒலிப்பது போல் கேட்கும்.

1925-இல் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் பதிவுக்கூடத்திற்குள் வந்தன. ஒலியின் தெளிவு கூடிற்று. ஆயினும் காலத்தின் கட்டு அவிழவில்லை. தட்டின் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடத்திற்குச் சற்றே கூடுதல், அவ்வளவே. மணிக்கணக்கில் ஒரே இராகத்தை ஆலாபனை செய்யவல்ல திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898-1956) இந்தச் சிமிழுக்குள் தம் தோடியை அடக்கித் தர நேர்ந்தது. அந்தத் தட்டுகள் தமிழகமெங்கும் ஒலித்தன. அவர் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனால் உருவான நீண்ட பாரி நாகசுரத்தின் ஆழ்ந்த நாதத்தை நம் தலைமுறை அறிந்ததும் அத்தகைய பதிவுகளால்தான். ஆதலால் அவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றியன்று. எனினும் நமக்குக் கிடைத்தது வித்துவானின் குழல், மேளம் அன்று.

நெடுநேரம் ஓடும் இசைத்தட்டு 1948-இல் வந்தது. ஒலிநாடா அதன் உடன் துணை ஆயிற்று. ஆனால் அதற்குள் பதிவு என்றாலே சுவர்களுக்குத் துணி போர்த்திய அறை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 1938 ஜூன் 16-இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையமும் அதன் உடன்பிறந்த நிலையங்களும் காலை தோறும் மங்கல இசையை ஒலிபரப்பி, கோயிலுக்குப் போக இயலாதவர் செவிக்கும் நாகசுரத்தைக் கொண்டு சேர்த்தன. அந்தத் தொண்டு பெரிது. ஆயினும் வெளியில் பிறந்த இசை அங்கும் அறைக்குள்தான் ஒலித்தது.

திரைப்படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் இணைந்தன. கொத்தமங்கலம் சுப்புவின் கதையை ஏ.பி. நாகராஜன் 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்று படமாக்கியபோது, கே.வி. மகாதேவன் இசையில் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தனர். நாகசுரமும் தவிலும் நேருக்கு நேர் பேசுவதைத் தமிழ் மக்களுள் பலர் துல்லியமாகக் கேட்டது திரையரங்கில்தான். இது சிறிது வியப்புக்குரியது. கோயிலின் இசைக்குக் கோயிலை விடக் கதைக்காகப் பதிந்த திரையில் நல்ல பதிவு வாய்த்தது.

வீதியும் சுவரும்

பெரிய மேளம் நடந்துகொண்டே வாசிக்கப் பிறந்த இசை. சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. அதில் சொல் கிடையாது. காலம் மாறி மாறி அடுக்கும் நடை மட்டுமே. வீதி திரும்பியபின் இராக ஆலாபனை. செம்பனார்கோயில் மரபினர் போற்றிக் காத்த ரக்தி. தெப்பத்தில் ஓடம். ஊர்வலம் எந்த வீதியில், இரவு எந்த நேரத்தில் நிற்கின்றதோ அதற்கேற்ப இசை மாறும். கேட்பவரும் உடன் நடப்பர்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் இருக்கும் திருக்கழுக்குன்றம் இதனை உணர ஏற்ற ஊர். மேலே மலைக்கோயில், கீழே தாழக்கோயில், சுற்றிலும் வீதிகள். 1987-ஆம் ஆண்டுச் சித்திரைப் பெருவிழாவில் இரவல் வாங்கிய ஒலிநாடாப் பெட்டி ஒன்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஓரிரவு முழுவதும் மேளத்தின் பின்னே நடந்தேன். மூன்று நாடாக்கள் நிரம்பின. மறுநாள் போட்டுக் கேட்டபோது நெஞ்சு தளர்ந்தது. தவிலில் அடி விழும்போதெல்லாம் நாகசுரம் பதுங்கிற்று. தவில் ஓய்ந்ததும் மெல்ல எழுந்து வந்தது. ஓசை மிகும்போது பதிவின் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு அத்தகைய பெட்டிகளுக்குள் உண்டு என்பதை அன்று நான் அறியேன். பேச்சுக்கு உதவும் அந்த அமைப்பு மேளத்தின் மூச்சை நெரித்துவிட்டது.

அந்நாடாவை அவ்விரவில் வாசித்த முதிய நாகசுரக் கலைஞரிடமே எடுத்துச் சென்றேன். தலையை அசைத்தபடி இறுதிவரை கேட்டார். பிறகு, “இதுல என் குழல் இருக்குதுங்க ஐயா, எங்க மேளம் இல்லீங்களே” என்றார். தவில்காரரையும் ஒத்து ஊதிய சிறுவனையும் நினைத்து அவர் அப்படிச் சொன்னார் என்று அப்போது எண்ணினேன். இன்று நினைக்கையில், அவர் வீதியையும் சேர்த்தே சொல்லியிருக்கக்கூடும் என்று தோன்றுகின்றது.

அடுத்த மாசிமகத்தில் மாமல்லபுரக் கடற்கரையில் மீண்டும் முயன்றேன். பௌர்ணமிக்கு இருளர் குடும்பங்கள் கூடியிருக்கும் அக்கரைக்குப் பெருமாள் தீர்த்தவாரிக்காக எழுந்தருள்கின்றார். அன்று கிடைத்த பதிவில் பாதி காற்றின் உறுமல். எஞ்சிய பகுதியில் நாகசுரம் மெலிந்து, ஈரமற்றுக் கேட்டது. வாசித்தவர் குறையன்று அது. வீதியில் எழும் ஒலியை இருபுறத்து வீடுகளும் மதிலும் திருப்பித் தருகின்றன. அந்த எதிரொலி நாதத்திற்குச் சதை சேர்க்கின்றது. கடற்கரையில் சுவர் இல்லை. ஒலி போனது போனதுதான். அன்றுதான் பெரிய மேளத்தின் கருவிகளுள் மாடவீதியும் ஒன்று என்று அறிந்தேன்.

நல்ல பதிவை அறிவது எப்படி

இவ்விரு தோல்விகளுக்குப் பின், கைக்கு எட்டிய பதிவுகளையெல்லாம் கேட்டு நான் தேறிய சிலவற்றை இங்கே சொல்கின்றேன்.

முதலில் ஒத்து அல்லது சுருதியைத் தேடுக. எல்லாக் கருவியும் உச்சத்தில் இருக்கும்போதும் அடியில் அந்த இழை அறுபடாது கேட்க வேண்டும். அடுத்து, இரண்டாம் நாகசுரத்தைத் தேடுக. இருவர் வாசிக்கையில் ஒருவர் நிழலாக மறைந்துவிடும் பதிவு குறையுடையது. மூன்றாவது தவில். வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் வெட்டும் தொப்பியில் கழி எழுப்பும் கும்மெனும் நாதமும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒலிவாங்கியை வலந்தலைக்கு அருகில் மட்டும் வைத்தால் தவில் தகரமாகிவிடும். நான்காவது தாளம், அது காதைத் துளைக்கின்றது என்றால் ஒலிவாங்கி அதற்கு மிக அருகில் இருந்தது என்பது பொருள்.

நாகசுரத்தைப் பற்றியும் ஒரு நுட்பம் உண்டு. அதன் நாதம் அணசின் வாயிலிருந்து மட்டும் வருவதன்று. விரல் திறக்கும் துளைகளிலிருந்தும் பரவுகின்றது. அணசுக்கு நேரே ஒலிவாங்கியை நெருக்கி வைத்தால் குழலின் கூர்மை கிட்டும்; குளுமை கிட்டாது. பத்தடி தள்ளி நின்றால் துளைகளின் ஒலியும் அணசின் ஒலியும் காற்றில் கலந்து வந்து சேரும். நல்ல இரசிகர் கச்சேரியில் எங்கே அமர்வாரோ அங்கே ஒலிவாங்கியை அமர்த்துவதே நல்ல பதிவின் அடிப்படை. பெரிய மேளத்திற்கும் எல்லிங்டனின் குழுவிற்கும் இவ்விதி பொதுவானது.

கருவிகளின் வளர்ச்சி மட்டும் இக்குறையைத் தீர்க்கவில்லை என்பதும் கருதத்தக்கது. 1963-இல் அறிமுகமான ஒலிநாடாப் பேழை நம் ஊர்களில் ஊடுருவியது. 1982-இல் குறுவட்டு வந்தது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு பதிவுக் கருவி கைப்பேசியாக இருக்கின்றது. விழாவில் நூறு கைகள் உயர்கின்றன. ஆயின் பேச்சுக்காக அமைந்த கைப்பேசியும் ஓசை மிகும்போது அளவைத் தானே அடக்கிக்கொள்கின்றது. 1987-இல் என் நாடாவுக்கு நேர்ந்ததே அங்கும் நேர்கின்றது. பதிவுகள் பெருகின, நல்ல பதிவு அரிதாகவே நிற்கின்றது.

எது குறைகின்றது

பதிவைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். வாசிப்போர் இருக்கும்வரை இசை இருக்குமே என்றும் சொல்லலாம். வாசிப்போர் இருக்கின்றனர், அதில் ஐயமில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் மூன்றாண்டுப் பாடங்களாக உள்ளன. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் காட்டிய வழியில் பெண்களும் இக்கலைக்கு வந்துள்ளனர். ஷேக் சின்ன மௌலானா (1924-1999) திருவரங்கத்தில் ஊன்றிய மரபில் வந்த ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் இணையர்க்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது.

குறைவது வாசிப்போர் எண்ணிக்கை மட்டுமன்று. வாசிக்கும் நேரமும் இடமும். எங்கள் பகுதிக் கோயில்கள் பலவற்றில் நாள்வழிபாட்டின்போது மணியும் முரசும் இணைந்த மின்பொறி தானே அடித்துக்கொள்கின்றது. திருமண ஊர்வலங்களில் செண்டை மேளமும் பேண்டு வாத்தியமும் முன்னே நடக்க, நாகசுரம் மணவறை அருகே கெட்டிமேளத்திற்குக் காத்திருக்கின்றது. இரவு முழுவதும் நீண்ட புறப்பாடு இரண்டு மணி நேரமாகச் சுருங்கினால், மூன்றாம் வீதியில் வாசிக்க வேண்டிய இராகம் வாசிக்கப்படாமலே போகும். வாசிக்கப்படாத உருப்படி மாணாக்கனுக்குக் கற்பிக்கப்படுவதில்லை. அரங்கில் அமர்ந்து வாசிக்கும் கச்சேரி தழைக்கலாம். நடந்து வாசிக்கும் பெரிய மேளம் அதனால் காக்கப்படும் என்று சொல்வதற்கில்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய தட்டுகளின் முகப்பிலும் நாடாக்களின் உறையிலும் நாகசுர வித்துவானின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். தவில்காரர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். சில உறைகளில் அதுவும் இராது. ஒத்து ஊதியவர், தாளம் போட்டவர் பெயர்களை உறைகளில் நான் கண்டதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன், ஆடல் மகளிர் நானூற்றுவரையும் இசைக்கருவியாளரையும் பெயர் சொல்லி, அவரவர்க்கு உரிய பங்கையும் கல்லில் வெட்டுவித்தான். ஒலியைப் பதிய இயலாத காலம் பெயரைப் பதிந்தது. ஒலியைப் பதிய வல்ல நம் காலம் பெயரை விட்டுவிட்டது.

செய்யத்தக்கது

அமெரிக்காவில் மரியா ஷ்னைடர் என்னும் பெண் இசையமைப்பாளர் இன்றைய பிக் பேண்ட் இசையில் முன்னணியில் இருப்பவர். பெரிய குழுவை நல்ல முறையில் பதிய மிகுந்த பொருள் வேண்டும். அவர் இசை கேட்போரிடமே முன்கூட்டிப் பங்களிப்புப் பெற்று, 2004-இல் ‘கான்சர்ட் இன் தி கார்டன்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். கடைகளில் விற்கப்படாமல் இணையம் வழியாகவே விற்ற அத்தொகுப்பு 2005-இல் கிராமி விருது பெற்றது. கேட்க விரும்புவோரே பதிவுக்குப் பொறுப்பேற்கலாம் என்பது அதனால் விளங்கிற்று.

கவியரங்குக்கும் மலருக்கும் பத்தாண்டுகளாகக் கைப்பொருள் திரட்டி வரும் நம் வட்டத்திற்கு இது புதிய முறையன்று. வரும் சித்திரைப் பெருவிழாவில் ஓரிரவை நாம் எடுத்துக்கொள்வோம். மேளத்தாரிடம் முன்னரே சென்று ஒப்புதல் பெற்று, அவர்க்குரிய மதிப்பூதியத்தை முதலில் தருவோம். அளவைத் தானே மாற்றிக்கொள்ளாத கருவியும், காற்றைத் தடுக்கும் உறை அணிந்த ஒலிவாங்கிகளும், அவற்றை அறிந்து கையாளும் ஒருவரும் வேண்டும். மல்லாரி தொடங்கிக் கோயிலுக்குள் மீளும் வரை வெட்டாமல் பதிவோம். எந்த வீதியில் எந்த இராகம், எத்தனை மணிக்கு என்று நம்முள் ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும். நாகசுரம், தவில், ஒத்து, தாளம் என நால்வகையாரின் பெயரும் ஊரும் ஒரே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும். பதிவின் முதற்படி வாசித்தவர் வீட்டில் இருக்க வேண்டும். மற்றொன்று ஆவணக் காப்பகம் ஒன்றில் சேர வேண்டும்.

அந்த முதிய கலைஞர் இன்று இல்லை. அவருடைய மேளம் என்னிடம் இருக்கும் மூன்று நாடாக்களில் பதுங்கியும் எழுந்தும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. அவருடன் ஒத்து ஊதிய சிறுவன் வளர்ந்து இப்போது அதே வீதிகளில் நாகசுரம் வாசிக்கின்றார். அவருக்கும் ஐம்பது வயதாகின்றது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நாம், பதினோராம் ஆண்டின் முதற் பணியாக அவரைச் சென்று காண்போமாக.